மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில் இன்னும் ஒரு கேள்வி

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மறதி நோய் வந்த என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டில் பிரஷரும் சுகரும் பார்த்து முடித்ததும், "போன வருஷம் வரைக்கும் இவங்களே செஞ்சுக்கிட்டிருந்த எந்த வேலையை இப்ப வேற யாராவது செய்யறாங்க?" என்று வீட்டாரைக் கேளுங்கள். பதிலை எழுத உங்கள் பதிவில் ஓர் இடம் ஒதுக்குங்கள். பதில் உறுத்தினால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்ப ஒரு வழி செய்யுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

உங்கள் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. அதே ஊர்க்காரப் பெண், அதே வாசலுக்கு, அதே மனிதரைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருகிறார். நகரத்தில் உட்கார்ந்திருக்கும் நரம்பியல் நிபுணருக்கு இந்த வசதி கிடையாது. அவர் பத்து நிமிடம் பார்க்கிறார். போன தீபாவளிக்கு இந்த அம்மா எப்படி இருந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தன்னார்வலருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவரே எங்கள் ஊர்த் தன்னார்வலர்தான். அத்தை மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். மாத்திரை கொடுக்க வந்தவர், "பழசு தீர்ந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு டப்பாவை வாங்கித் திண்ணையில் கொட்டினார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே இரண்டு கிடந்தன. பிரஷர் மாத்திரை அட்டை ஒன்றில் நடுவில் மட்டும் மூன்று குழி காலி. இன்னொன்றில் ஓரத்தில் ஒன்று, எதிர் ஓரத்தில் ஒன்று. எப்போதும் மேலிருந்து வரிசையாக உடைத்துச் சாப்பிடுகிற மனுஷி அவர். தன்னார்வலர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா மாத்திரையைக் குழப்பிக்கிறாங்க அக்கா, கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பதிவில் பிரஷருக்கு இடம் இருந்தது, சுகருக்கு இடம் இருந்தது. இதற்கு இல்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், அது உங்கள் துறைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு ஒரு மருத்துவமனையில் சுகர் ஏறியிருக்கிறது என்று கிளிமிபிரைடு என்ற இன்னொரு சுகர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. டப்பா விஷயம் தெரிந்ததும் மாத்திரைகளை நான் கையில் எடுத்துக்கொண்டு, எழுதிய அளவு முழுவதையும் நேரத்துக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அத்தை வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடந்தார். சுகர் இறங்கியிருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அரைகுறையாகச் சாப்பிடுகிறவருக்கு எழுதிய அளவு, முழுதாகச் சாப்பிட்டால் அதிகமாகிவிடுகிறது. மருத்துவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை இது. ஆனால் கேட்டால்தானே தெரியும்? உங்கள் பட்டியலில் "சுகர் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பதிவாகியிருக்கும் முதியவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு டப்பா இருக்கும் என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

மறதி நோய் என்றதும் எல்லோரும் பெயர் மறந்து போகிறதா, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். சாவி மறப்பது எல்லோருக்கும் நடக்கும். சாதாரண வயோதிக மறதிக்கும் டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கும் மருத்துவம் போடுகிற கோடே வேறு இடத்தில் இருக்கிறது. ஞாபகமோ யோசனையோ குறைந்ததால் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்துகொள்ள முடியாமல் போகிறதா என்பதுதான் அந்தக் கோடு. வேலைகள் நடந்துகொண்டிருந்து ஞாபகம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதை லேசான அறிவாற்றல் குறைபாடு என்று தனியாக வைக்கிறார்கள். ஆகவே வேலையைப் பார்க்காமல் ஞாபகத்தை மட்டும் சோதித்தால் பாதி நோயைத்தான் சோதிக்கிறோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்கும் சோதனை 1975-ல் அமெரிக்காவில் உருவானது. இன்றும் உலகம் முழுக்க அதை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத எங்கள் ஊர்ப் பாட்டி நல்ல தெளிவோடு இருந்தாலும் அதில் மதிப்பெண் வாங்கமாட்டார். ஓய்வு பெற்ற வாத்தியாரோ, வீட்டில் கேஸை மூடத் தெரியாத நிலைக்கு வந்த பிறகும் தேதியைச் சரியாகச் சொல்லித் தேறிவிடலாம். அன்றாட வேலை அப்படி ஏமாற்றாது. யாராக இருந்தாலும் அவரவர் பழைய நிலைமையோடுதானே ஒப்பிடுகிறோம்.

இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. 1969-லேயே ஃபிலடெல்ஃபியாவில் லாட்டன், பிரோடி என்ற இருவர் எட்டு வேலைகளைப் பட்டியல் போட்டார்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியூர்ப் பயணம், மருந்து, பணம். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது போன்றவை கைவிட்டுப் போவதற்கு வெகுநாள் முன்பே இந்த எட்டும் ஆட்டம் காண ஆரம்பிக்கும். பிரான்சில் போர்தோ பக்கத்து முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 1992-ல் வெளிவந்தது. அதில் மூளைத் தளர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு உள்ளவையாகத் தெரிந்தது நான்கு: தொலைபேசி, பயணம், மருந்து, பணம். நம் வீடுகளிலோ பெரியவர் புடவையைத் தப்பாகக் கட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். அதற்குள் பல வருஷம் ஓடியிருக்கும்.

நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே ஒரு கேள்விப் பட்டியல் தயாராகி 1999-ல் வெளிவந்தது. பெரிய பண்டிகைகள் ஞாபகம் இருக்கிறதா, குடும்ப விஷயங்களில் கருத்துச் சொல்கிறாரா, ஊருக்குள் வழி தவறுகிறாரா என்று வீட்டாரிடம் கேட்கும் கேள்விகள் அதில் உண்டு. பேனா, காகிதம் எதுவும் அந்தப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த எட்டை அப்படியே தமிழில் அச்சடித்துத் தன்னார்வலர் கையில் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் போனதில்லை. "சமைக்க முடிகிறதா?" என்றால் என்ன பதில் வரும்? பாட்டிகள் பலர் பேங்க் படியேறியதில்லை. அந்த மனிதர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்துதான் கேள்வி வர வேண்டும். விவசாயி என்றால் முறைத் தண்ணீர், கூலிக் கணக்கு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்ற கணக்கு, மோட்டாரை நிறுத்தினாரா இல்லையா, டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்த் திரும்புவது. பெண்கள் என்றால் பால் கணக்கு, சீட்டுப் பணம், மகளிர் குழுத் தவணை, ரேஷன், மாட்டுக்குத் தீவனம், அமாவாசைச் சமையல், வாசல் கோலம்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அத்தை சமைப்பதை நிறுத்தவில்லை. அவர் சமையல் சுருங்கியது. ஒரே நேரத்தில் குக்கரில் பருப்பு, ஒரு அடுப்பில் ரசம், இன்னொன்றில் பொரியல் என்று நடத்தியவர், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு குழம்பு, அப்பளம் என்று வந்து நின்றார். கேட்டால் "போதும், யாரு சாப்பிடறா" என்பார். புளியைக் கரைத்து வைத்துவிட்டு அது பக்கத்திலேயே இருக்க, மறுபடி புளியை ஊறப்போடுவார். உப்பு ஒருநாள் இரண்டு தடவை விழும், மறுநாள் விழாது. காய் நறுக்குவது மட்டும் கடைசி வரை அழகாக இருந்தது. கை பழகிய வேலை நிற்கிறது. எதற்குப் பிறகு எது என்று வரிசை பிடித்து, இரண்டு மூன்று வேலையை ஒன்றாக ஓட்டிக்கொண்டு போக வேண்டிய இடத்தில்தான் முதலில் இடறுகிறது. கோலமும் அப்படித்தான். மார்கழியில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவர், வருஷத்துக்கு வருஷம் சிறிதாக்கி, ஒரு மார்கழியில் நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். இடுப்பு வலி என்று நினைத்தோம். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆகவே "சமைக்கிறாங்களா?" என்று கேட்டால் "சமைக்கிறாங்களே" என்றுதான் பதில் வரும். "முன்ன மாதிரி சமைக்கிறாங்களா? என்ன விட்டுப் போச்சு?" என்று கேட்க வேண்டும்.

வீட்டார் பொய் சொல்வதில்லை. ஆனால் நம் வீடுகளில் பெரியவர்களிடமிருந்து வேலை நழுவுவதை யாரும் கவனிக்காதபடி ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதற்கு மரியாதை என்று பெயர். "நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் வாங்கிக்கொள்வாள். பென்ஷன் எடுக்கப் பேரன் போவான். பஸ்ஸில் தனியாக அனுப்ப வேண்டாம் என்று மகன் சொல்வான். எல்லாம் அன்பில் நடப்பதுதான். ஒருவர் பால் கணக்கை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் ரேஷனை, மூன்றாமவர் மாத்திரையை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எடுத்துக்கொண்டது மட்டும் தெரியும். மொத்தம் எத்தனை வேலை நழுவியிருக்கிறது என்று ஒரே இடத்தில் கூட்டிப் பார்க்க வீட்டுக்குள் ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்து கேட்கிறவரால்தான் அது முடியும். அதனால்தான் "முடிகிறதா?" என்று கேட்காமல் "இப்ப யார் செய்யறாங்க, எப்பலேருந்து, ஏன் மாத்தினீங்க?" என்று கேட்கச் சொல்கிறேன்.

அந்த "ஏன்" முக்கியம். முழங்கால் வலியால் சந்தைக்குப் போகாமல் இருப்பது வேறு, சந்தைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்காமல் வந்துகொண்டே இருப்பது வேறு. கண்புரையால் மாத்திரை நிறம் தெரியவில்லையா? காது கேட்காததால் போனைத் தொடுவதில்லையா? அதுவும் தெரிந்தால் நல்லதுதான், அதற்கும் வைத்தியம் இருக்கிறதே. மனச்சோர்வும் எல்லா வேலையையும் விடவைக்கும். கணவர் போன பிறகு அடுப்பைத் தொடாத அம்மாக்களை உங்களுக்கே தெரியும். நாலைந்து நாளில் திடீரென்று ஆளே மாறிவிட்டால், பேச்சு தடுமாறினால், தலையில் அடிபட்டிருந்தால், அது காத்திருக்கிற விஷயம் இல்லை. அன்றே ஆஸ்பத்திரி. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள், மண்டைக்குள் மெல்லக் கட்டும் ரத்தம் எல்லாமே மறதி நோய் மாதிரி வேஷம் போடும். பார்த்துச் சரிசெய்ய முடிந்தவை அவை.

"கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம், மருந்தா இருக்கிறது?" என்று ஒரு மருத்துவரே என்னிடம் கேட்டார். "வயசானா அப்படித்தான்" என்றும் சொன்னார். அல்சைமர் என்ற மறதி நோயை மாற்றும் மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். மாத்திரை என் கைக்கு வந்தது. கேஸ் சிலிண்டர் வால்வை இரவில் மூடுவது வழக்கமானது. அத்தை பேரில் இருந்த நிலத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெளிவு இருந்தபோதே அவர் வாயால் கேட்டு எழுதிவைத்தோம். கைநாட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களும், போனில் ஓடிபி கேட்கிறவர்களும் இப்படிப்பட்ட பெரியவர்களைத்தான் தேடுகிறார்கள். எல்லாவற்றையும்விட, வீட்டில் சண்டை நின்றது. "வேணும்னே பண்றாங்க" என்ற பேச்சு நின்றது. புளியை இரண்டாம் முறை ஊறப்போட்டால் யாரும் கத்துவதில்லை.

எண்ணிக்கையில் இது சின்ன விஷயமா என்றால், இல்லை. 2023-ல் வெளிவந்த தேசிய அளவிலான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். நீங்கள் கதவைத் தட்டும் வீடுகளில் இருப்பவர்கள் அவர்கள்தான். முதியவர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது தமிழ்நாடு. தவிர, நீங்கள் ஏற்கெனவே பார்த்துவரும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய காரணங்களில் இருக்கின்றன. லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கையில் அப்படி 14 காரணங்கள் சொல்லப்பட்டன, காது கேளாமையும் அதில் ஒன்று. உங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்றுதான் இதற்கு அர்த்தம்.

தன்னார்வலர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறேனோ என்று எனக்கும் தயக்கம் இருக்கிறது. வெயிலில் அலையும் அவர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை எவ்வளவு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூடுதல் வேலை கொடுத்தால் கூடுதலாகக் கொடுங்கள், அதிகாரிகளே. அவர்களால் முடியுமா என்ற சந்தேகம் மட்டும் வேண்டாம். இருபது வருடத்துக்கு முன்பே கேரளத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்து, தங்கள் பகுதியில் யாருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். எல்லாம் சரியாக வந்துவிடவில்லை, தவறாகச் சொல்லப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் முடிவு சொல்வது மருத்துவர் வேலையாக இருக்கட்டும் என்கிறேன். வாசலில் நின்று "உங்க அம்மாவுக்கு மறதி நோய்" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தப் பேச்சு தெருமுனையைத் தாண்டுவதற்குள் பைத்தியம் என்று ஆகிவிடும்.

தன்னார்வலராக வரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கேட்கும்போது பெரியவர் முன்னால் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னாரே, அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வேண்டும். பெரியவரிடம் கேட்டால் அவர் "எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்பார். அவருக்கு அது உண்மைதான், குறை இருப்பது தெரியாமல் போவதும் இந்த நோயில் ஒரு பகுதி. மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு வேலை கைமாறியிருந்து, உடம்பு வலியோ கண்ணோ காதோ காரணமில்லை என்றால், குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதையே கேளுங்கள்.

அதிகாரிகளிடம் கேட்பது இவை. தன்னார்வலருக்கான அடுத்த பயிற்சியில் இதற்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். அனுப்பப்பட்டவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனைக்கு வழி இருக்கட்டும், இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருகிறார் என்பது தன்னார்வலருக்குத் தெரிந்திருக்கட்டும். கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் வேதாரண்யத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வர என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567-ஐயும், மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தனியாகப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, யாரிடமாவது பேசினால் போதும் என்றிருக்கும்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. டெல்டாவில் ஒரு வட்டாரத்தில் ஆரம்பித்து, எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்கு உறுதியானது, எத்தனை பேருக்குக் கண்ணோ தைராய்டோ காரணமாக இருந்தது என்று ஒரு வருஷம் பாருங்கள். வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதும்போது எங்களைப் போல வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இரண்டு மூன்று பேரையும் கூப்பிடுங்கள். உரக் கணக்கையும் அமாவாசைச் சமையலையும் எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று எங்களுக்குத் தெரியும். நான் வரத் தயார். அத்தையைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு என் நாத்தனார் வந்துவிடுவார்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு மருமகள்